சுவர், தூண், பசை மேஜை: ஆளே இல்லாத படங்களைப் புகைப்பட நூலில் எப்படி வைப்பது?

மைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் சிவகாசி. மூன்று வருடமாக ஊருக்குள் இருக்கும் சின்ன அச்சகங்களில் படம் எடுத்து வருகிறேன். பெரிய கம்பெனிகள் அல்ல. வீட்டின் முன்கட்டிலோ பின்கட்டிலோ ஒரு ஆஃப்செட் மெஷினும் ஒரு கட்டிங் மெஷினும் போட்டு, பட்டாசு லேபிள், தீப்பெட்டி அட்டை, காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று வருவதை ஓட்டும் இடங்கள். என் தாய்மாமா அப்படி ஓர் இடத்தில்தான் இருபது வருடம் வேலை பார்த்தார்.

இதை 96 பக்க நூலாகக் கொண்டுவர ஆசை. சலித்து எடுத்ததில் 110 படம் தேறியது. எண்ணிப் பார்த்தால் அதில் அறுபதுக்கு மேல் ஆளே இல்லாத படங்கள். பொருள்கூட இல்லை, வெறும் பரப்பு. மை தெறித்த சுவர் (மாதிரிக்கு அந்தப் படத்தை மட்டும் இணைத்திருக்கிறேன்). மெஷின்மேன் விரலைத் துடைத்துத் துடைத்து நிறம் ஏறிப்போன தூண். தாள் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட கட்டிங் மேஜை. பைண்டிங் பகுதியில் மைதாப் பசை காய்ந்து ஏடு ஏடாக நிற்கும் பலகை. மெஷினைக் கிளப்பும்போது ஓடவிடும் வேஸ்ட் தாள்கள். ஒரே தாளில் நாலைந்து வேலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சாமி முகத்துக்குள் மத்தாப்பு லேபிள் தெரியும். ஓர் அச்சகத்தில் பழைய லித்தோ கல் (அந்தக் காலத்தில் படத்தை வரைந்து அச்செடுத்த கல்) ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படிக்கல்லாகக் கிடக்கிறது, அதையும் நெருங்கிப் போய் எடுத்திருக்கிறேன்.

இந்தப் படங்களைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். ஆனால் நூலில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கடைசியில் தனிப் பகுதியாக வைத்தேன். நூல் இரண்டாக உடைந்தது. ஓர் ஆள் படத்துக்கு ஒரு பரப்புப் படம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். பத்தாவது பக்கத்திலேயே அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. பகுதிகளுக்கு நடுவில் தடுப்பு மாதிரி மட்டும் வைத்தேன். சேலை வாங்கினால் கூட வரும் பை மாதிரி ஆயிற்று.

பார்த்த நண்பர்களில் ஒருவர் “இதுதான் நூல், மற்றதை எடுத்துவிடு” என்றார். இன்னொருவர் “போனில் பின்னணிக்குப் போடலாம், நூலுக்கு எதற்கு?” என்றார். இரண்டுமே மனதைக் குத்திக்கொண்டிருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்கோணம்

நல்ல சிக்கலில் மாட்டியிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், சுவரைப் பார்ப்பது புதிய பழக்கம் அல்ல. கறை படிந்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள், அதில் மலையும் ஆறும் போர்க்களமும் தெரியும் என்று லியோனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். புகைப்படத்தில் பால் ஸ்ட்ராண்ட் 1916 கோடையில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்து நிழலையும் கிண்ணங்களையும் அடையாளம் தெரியாத அளவுக்கு நெருங்கிப்போய் எடுத்தார். பிரஸ்ஸாய் 1930களில் தொடங்கிப் பாரிஸ் சுவர்களில் யார் யாரோ கீறிவைத்த கீறல்களை வருடக்கணக்கில் எடுத்தார்.

உங்களுக்கு நெருக்கமானவர் ஆரோன் சிஸ்கிண்ட் என்று நினைக்கிறேன். 1903இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1930களில் அதே நகரத்து ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்க்கையைப் படமாக்கிய குழுவில் இருந்தவர். அதாவது ஆள், தெரு, வீடு என்று ஆவணப்படம் எடுத்தவர். அவரே 1940களில் உரிந்த பெயின்ட், கிழிந்த சுவரொட்டி, தார் ஒழுகல் என்று திரும்பினார். கூட இருந்தவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் மனிதர்களை விட்டு விலகினார் என்று நான் நினைக்கவில்லை. கை விட்டுப்போன தடத்தைப் பார்க்கத் தொடங்கினார். உங்கள் அறுபது படமும் அந்த வகைதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்தப் படத்தை வேறு ஊரில் எடுத்திருக்க முடியுமா? துரு எல்லா ஊரிலும் ஒன்றுதான். காரை பெயர்ந்த சுவர் திருநெல்வேலியிலும் இருக்கிறது, லிஸ்பனிலும் இருக்கிறது. விரல் துடைத்த தூண் அப்படி அல்ல. அது மையோடு மல்லுக்கட்டும் ஊரில்தான் இருக்கும். முதல் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். அறுபது இருபத்தைந்தாகும். சிக்கலில் பாதி அங்கேயே தீரும்.

இன்னொன்று. இந்தப் படங்களில் நிறத்தைக் கூட்டியிருக்கிறீர்களா? பரப்புப் படம் எடுக்கும் எல்லாருக்கும் கை அரிக்கும், கொஞ்சம் கான்ட்ராஸ்ட், கொஞ்சம் சாச்சுரேஷன் என்று. அச்சகத்துச் சுவரில் மெஜந்தா எந்த அளவு மங்கியிருக்கிறதோ அந்த அளவே இருக்கட்டும். மங்கினதுதான் வயது.

நெய்தல்நிலா

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிவகாசி என்றதும் வெளியூர்க்காரர் மனதில் வருவது பட்டாசும் விபத்தும்தான். அச்சுத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த முகத்தைக் காட்ட உங்களுக்கு 96 பக்கம் கிடைக்கிறது. அதில் பாதியைச் சுவருக்குக் கொடுப்பீர்களா? சுவரில் தெறித்த மை அழகாகத்தான் இருக்கும். அதே மையைத் துடைக்கிற தின்னர் நாற்றமும், நின்றே வேலை பார்க்கிற காலின் வலியும் அந்தப் படத்தில் இல்லை. அழகு மட்டும் இருக்கிறது. உழைப்பின் மிச்சத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, உழைத்தவரை வெளியே நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

பத்துப் படம் போதும். ஐம்பது ஆள் படம் போடுங்கள்.

மைத்துளி

@ஒளிக்கோணம் ஐயா, “வேறு ஊரில் எடுக்க முடியுமா” என்ற கேள்வியோடு நேற்று இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். இருபத்தெட்டு மிஞ்சியது. நான் மிகவும் விரும்பிய ஷட்டர் துருப் படம் போய்விட்டது. நிறத்தை நான் கூட்டித்தான் இருந்தேன். மூல ஃபைலுக்குத் திரும்புகிறேன்.

@நெய்தல்நிலா அக்கா, நீங்கள் சொன்னது உறைக்கிறது. ஆனால் ஒன்று. கேமராவை ஆள் பக்கம் திருப்பினால் அவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள், அல்லது வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தூண் யாருக்காகவும் சரிசெய்துகொள்ளவில்லை. அதனால்தான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை.

வடலி

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இந்த இழையை இரண்டு தரம் வாசிச்சன்.

எங்கட ஊர்ச் சுவர்களில இப்பவும் துவக்குச் சன்னம் துளைச்ச குழிகள் இருக்கு. சிலதுக்குச் சீமெந்து பூசியாச்சு, பூசின வட்டம் வேற நிறத்தில தெரியும். சில வருசத்துக்கு முந்தி நான் அப்பிடி ஒரு சுவரை நேர நின்று, வெயில் சாயிற நேரம் எடுத்தனான். குழிகளின்ர நிழல் ஒரே அளவில விழுந்து நல்ல வடிவா வந்தது. இணையத்தில போட்டன், விளக்கம் ஒண்டும் எழுதேல்ல. வெளிநாட்டில இருந்து ஒருத்தர் “என்ன அழகான டெக்ஸ்ச்சர்” எண்டு எழுதினார். அவரில பிழை இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனா அந்தச் சுவருக்குப் பின்னால இருந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் இணையத்தில இருந்து அழிச்சுப்போட்டன்.

அதுக்குப் பிறகு நான் பிடிச்சுக்கொண்ட ஒரு விதி: பரப்பு எதால அப்பிடி ஆனது எண்டு எனக்குத் தெரியாட்டி நான் அதை அச்சில போடமாட்டன். பாக்கிற ஆளுக்கு முதல்லயே சொல்லவேணும் எண்டு இல்லை. ஆனா புத்தகத்தில எங்கயாவது அது இருக்கவேணும். உங்கட இருபத்தெட்டுப் படத்துக்கும் அந்தக் கறை எப்பிடி வந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?

மைத்துளி

இல்லை. பாதிக்கு மேல் தெரியாது. நேர்மையாகச் சொன்னால், கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

பழைய மெஷின்மேன்

தம்பி, நான் போட்டோ எடுக்கிறவன் இல்ல. 31 வருசம் மெஷின் ஓட்டுனவன், நானும் உங்க பக்கத்து ஊருதான். மகன் இந்த இழையக் காட்டுனான். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

முதல்ல நீங்க போட்டுருக்குற அந்தச் சுவர் படம். அடியில கறுப்பு, மேல நீலம், அதுக்கும் மேல ரோஸ், எல்லாத்துக்கும் மேல மஞ்சள் தெறிச்சிருக்குன்னு நெனைக்கிறேன். நாலு கலர் மெஷின்ல கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள்னுதான் பெரும்பாலும் வரிசை. மஞ்சள் தூக்கலா இருக்குன்னா அது கடைசி யூனிட் பக்கத்துச் சுவரு. உங்களுக்கு அது ஓவியம், எங்களுக்கு அது மெஷின் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு சொல்ற அடையாளம். அந்த வேஸ்ட் தாளும் அப்படித்தான். கலரும் ரிஜிஸ்டரும் (நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்கார்றது) சேர்ற வரைக்கும் நல்ல தாளப் போட்டா மொதலாளி விடமாட்டாரு. ஏற்கெனவே ஓடுன தாளையே திருப்பித் திருப்பி விடுவோம். அதுல எத்தன வேலை ஏறியிருக்குன்னு எண்ணுனா அந்த வாரம் என்னென்ன ஓடுச்சுன்னு சொல்லிரலாம்.

இப்ப அச்சு விசயம். இந்த மாதிரிப் படம் அச்சுக்கு லேசுப்பட்டது இல்ல, பாத்துக்கிடுங்க. துணி நெசவு, கம்பி வலை, ரோலர் வரி மாதிரி நெருக்கமான கோடு இருக்குற படத்துல ஆஃப்செட் புள்ளி ஒண்ணோட ஒண்ணு மோதி அலை அலையா ஒரு கோலம் விழும். மோயர்னு சொல்வாங்க. திரையில தெரியாது, தாள்லதான் தெரியும். அந்தப் படங்கள ஒரே தாள்ல கூட்டி முதல்ல ப்ரூஃப் எடுங்க.

இருட்டா இருக்குற படத்துல நாலு கலரும் சேத்து 300 சதவீதத்துக்கு மேல போகவிடாதீங்க (ஒரு கலர் முழுசா விழுந்தா 100). மை காயாது, அடுத்த தாளோட முதுகுல ஒட்டும். மேப்லித்தோ, அதான் பூச்சு இல்லாத சாதாத் தாள்னா இன்னும் கொறைக்கணும், அது மைய உறிஞ்சும், புள்ளி விரியும், காஞ்சதும் மங்கும். சுவரோட சொரசொரப்பு தெரியணும்னு சொரசொரப்பான தாளா எடுப்பாங்க சில பேரு. அது தப்பு. தாளோட சொரசொரப்பும் படத்தோட சொரசொரப்பும் சண்ட போடும். மேட் ஆர்ட் பேப்பர் 150 ஜிஎஸ்எம் எடுங்க. படம் சொரசொரப்பா இருக்கும், விரலுக்குத் தாள் வழவழன்னு இருக்கும்.

கடைசியா ஒண்ணு. அந்தப் படங்களப் பெரிசாப் போட்டு எடுத்துட்டு அந்தந்த பிரஸ்ஸுக்கே போங்க. டீ நேரத்துல காட்டுங்க. யாழ்ப்பாணத்துக்காரரு கேட்ட கேள்விக்கு அங்கதான் பதில் இருக்கு.

பக்கக்கட்டு

மெஷின்மேன் அண்ணாச்சி சொன்னதை அப்படியே பிரிண்ட் எடுத்து மேஜையில் ஒட்டிவைக்கலாம். நான் நூல் வடிவமைப்பு செய்கிறேன், அதனால் பக்கங்களைப் பற்றி மட்டும்.

96 பக்கம் என்றால் 16 பக்கப் பாரம் (ஒன்றாக அச்சாகி மடித்துத் தைக்கும் கட்டு) ஆறு. தையல் பைண்டிங்தானே? அப்படியானால் ஒவ்வொரு பாரத்திலும் நடுவில் ஒரே ஒரு விரிப்புதான் (எதிரெதிர் இரண்டு பக்கம்) வெட்டில்லாத முழுத் தாள். 8-9, 24-25, 40-41, 56-57, 72-73, 88-89. மற்ற எந்த விரிப்பிலும் இரண்டு பக்கமும் வேறு வேறு தாளாக வந்து சேர்வதால் அரை மில்லிமீட்டராவது தள்ளும். முகத்தைக் குறுக்கே போட்டால் மூக்கு கோணும். பரப்புப் படத்தில் கோணினால் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நீளக் கீறல் நடுவில் ஒடிந்து நின்றால் கண் அங்கேதான் போய் நிற்கும். ஆகவே முழு விரிப்பாகப் போடுவதற்கு உங்களுக்கு ஆறு இடம்தான், இருபத்தெட்டு அல்ல. இந்தக் கட்டுப்பாட்டை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பெரிய பரப்பு, நூலின் ஆறு மூச்சு.

அந்த ஆறையும் நிஜ அளவிலேயே அச்சிட்டால் என்ன? உங்கள் பக்கம் 21க்கு 27 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். விரிப்பு 42க்கு 27. தூணில் அதே 42க்கு 27 செ.மீ பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுங்கள். 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அகலத்தில் சுமார் 4,960 பிக்சல் வேண்டும்; 6,000 பிக்சல் அகலம் தரும் 24 மெகாபிக்சல் கேமராவில் நெருங்கி எடுத்திருந்தால் போதும். பக்கத்தைத் திறந்தவர் அந்த விரல் துடைத்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்க்கலாம், அளவு சரியாக இருக்கும். இன்ன பொருள் என்று தெரியாத அரூபப் படத்தில் முதலில் தொலைவது அளவுதான். அதைத் திருப்பிக் கொடுக்க எழுத்துத் தேவையில்லை.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீலச் சட்டைக்காரர் படத்துக்கு எதிர்ப்பக்கம் நீலச் சுவர், வட்டமான ரோலருக்கு எதிரே வட்டமான கறை. ஒருமுறை பார்க்க நன்றாக இருக்கும். இரண்டாம் முறை புரட்டும்போது வேறொன்றும் மிஞ்சாது. நிறம் பொருந்துகிறது என்பதற்காக இரண்டு படத்தைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. அந்த வேலை நடந்ததால் இந்தக் கறை விழுந்தது என்ற உறவு இருந்தால் வையுங்கள், அதுவும் இரண்டு பக்கம் தள்ளி. முதலில் தூணைப் பார்க்கட்டும். நாலு பக்கம் கழித்து மெஷின்மேன் விரல் துடைக்கிற படம் வரட்டும். வாசகர் தானே பின்னால் திருப்பிப் பார்ப்பார்.

அம்மிக்கல்

நான் படம் எடுக்கத் தெரியாதவள். வாசகராக ஒன்று சொல்லலாமா?

எங்கள் ஆச்சி வீட்டுத் தரை சாணி மெழுகியது. ஆச்சி குந்தியிருந்து பின்னாலேயே நகர்ந்துகொண்டு மெழுகுவார். காய்ந்த பிறகு பார்த்தால் தரை முழுக்க விசிறி விசிறியாக அரைவட்டம் இருக்கும். ஒவ்வொரு அரைவட்டமும் ஆச்சியின் கை எட்டும் தூரம். அம்மியும் அப்படித்தான், கொத்தி வைத்த புள்ளிகள் ஓரத்தில் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் தேய்ந்து போயிருக்கும். அதில் வருடத்துக்கு ஒருமுறையாவது கொத்துகிறவர் வந்து புதிதாகப் புள்ளி போட்டுப் போவார்.

இப்போது யாராவது அந்தத் தரையைப் படமெடுத்து எனக்குக் காட்டினால், முதல் நொடியில் எனக்கு அது விசிறியாகத்தான் தெரிய வேண்டும். கீழேயே “சாணி மெழுகிய தரை” என்று எழுதியிருந்தால் நான் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். தேட விடுங்கள். ஆனால் கடைசிவரை சொல்லாமலும் விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் விட்டால் என்னை வெளியே நிறுத்தியது மாதிரி இருக்கும்.

ஒளிக்கோணம்

@அம்மிக்கல் நீங்கள் எழுதிய அந்த அரைவட்டத் தரை எங்காவது மிச்சம் இருந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். கேமரா வேண்டாம், போன் போதும். காலை எட்டு மணிக்கு முன், வாசல் வழியாக வெயில் சாய்ந்து வரும்போது, தரைக்கு நேர் மேலே போனைப் பிடித்து. உச்சி வெயிலில் எடுத்தால் வரிகள் மறைந்துவிடும்.

மைத்துளி (பதினாறு நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். மெஷின்மேன் அண்ணாச்சி சொன்னபடி இருபத்தெட்டுப் படத்தையும் ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஐந்து அச்சகத்துக்கும் போய்வந்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் நூல் மாறிவிட்டது.

முதல் இடத்தில் படங்களைத் தாள் அடுக்கின்மேல் பரப்பினேன். நான் “இது என்னன்னு தெரியுதா?” என்று கேட்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன். கேட்கவே விடவில்லை. “இது நம்ம பழைய சிங்கிள் கலர் நின்ன மூல.” “இது வெள்ளையடிக்கிறதுக்கு முந்தி எடுத்தது.” “இந்தப் பச்ச, தீபாவளி லேபிள் ஒண்ணு ஓட்டுனோமே, ஸ்பெஷல் கலரு, டின் கவுந்துச்சே, அது.” அவர்களுக்கு ஒரு படம்கூட அரூபம் இல்லை. நான் மூன்று வருடமாகக் கறை என்று எடுத்ததெல்லாம் அவர்களுக்குத் தேதி போட்ட குறிப்பேடு.

லித்தோ கல் படத்தை வைத்திருந்த இடத்தில் வயதான ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா காலத்தில் கல்லில் அச்சடித்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். வேலை முடிந்ததும் கல்லை மணலும் தண்ணீரும் போட்டு இன்னொரு கல்லால் தேய்த்துப் பழைய படத்தை அழிப்பார்களாம், பிறகு அதே கல்லில் அடுத்த வேலை. அழித்தாலும் சில சமயம் நிழல் தங்கிவிடும் என்றார். நான் மேகம் என்று நினைத்து எடுத்த மங்கலான பகுதியை உற்றுப் பார்த்தவர், படத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தார். கல்லில் எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும். இரண்டு எழுத்தும் ஒரு பூ வளைவும் தெரிந்தது. தீப்பெட்டி லேபிளாக இருக்கும் என்றார். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து இந்த ஊருக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காகத்தான் அச்சு வளர்ந்தது. அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது நான் காலடியில் வைத்துப் படமெடுத்த கல்லிலேயே இருந்திருக்கிறது.

கடைசியாகப் பைண்டிங் பகுதி. பசை மேஜைப் படம் நினைவிருக்கும். வெள்ளை ஏடுகளுக்கு நடுவில் முட்டை வடிவில் ஓர் இடம் மட்டும் பசை ஏறாமல், மரம் தெரிய, வழவழப்பாக இருக்கும். அந்த வடிவத்துக்காகத்தான் அதை எடுத்தேன். அங்கே பதினான்கு வருடமாக ஒட்டும் வேலை பார்க்கும் அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு மேஜையில் உட்கார்ந்து இடது கையை ஊன்றிக் காட்டினார். “இது என் முழங்கை தம்பி.”

முழங்கை அந்த இடத்தில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. அவர் முகத்தை நான் ஏற்கெனவே இரண்டு முறை எடுத்திருக்கிறேன், இரண்டிலும் சிரிக்கிறார். இரண்டையும் நூலில் இருந்து எடுத்துவிட்டேன்.

இப்போதைய முடிவு: பரப்புப் படங்கள் பத்தொன்பது. அதில் ஆறு, பக்கக்கட்டு சொன்ன ஆறு இடத்தில், நிஜ அளவில். பசை மேஜை 40-41. அதற்காகத் திரும்பப் போய், கேமரா சென்சார் மேஜைக்கு இணையாக இருக்கும்படி கேமரா முக்காலி போட்டு, அளவு நாடாவை ஓரத்தில் வைத்து ஒரு பிரதியும் எடுத்தேன். கீழே எழுத்து கிடையாது. கடைசி நாலு பக்கத்தில் எண் போட்டு, ஒவ்வொரு பரப்பைப் பற்றியும் அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே கொடுக்கிறேன்.

வடலி

வாசிச்சு முடிய கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். இனி அந்தப் புத்தகத்தில ஆளில்லாத படம் எண்டு ஒண்டும் இல்லை.

நெய்தல்நிலா

பத்துப் படம் போதும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பத்தொன்பதும் இருக்கட்டும்.

ஆனால் இரண்டு விஷயத்தில் விடமாட்டேன். ஒன்று, அவர்கள் சொன்னதைக் கடைசி நாலு பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிடாதீர்கள். நூல் முழுக்க இருக்கும் அதே அளவு எழுத்து, அதே தாள். இரண்டு, சொன்னவர்கள் சம்மதித்தால் பெயரும் எத்தனை வருட வேலை என்பதும் வர வேண்டும். “ஒரு தொழிலாளி” என்று போடக் கூடாது. அந்த அக்கா பதினான்கு வருடம் ஊன்றிய கை அது.

இன்னொரு யோசனையும் உண்டு. அந்தச் சிரிக்கிற படத்தை எடுத்துவிட்டேன் என்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? மேஜையைப் பிடித்த உங்களுக்கு அவர் சிரிப்புப் பிடிக்காமல் இருக்கலாம். அவருக்குத் தன் முகம் நூலில் இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கும்.

மைத்துளி

கேட்கவில்லை. இன்று கேட்டேன். “போடு தம்பி, புள்ளைக பாக்கட்டும்” என்றார். 46ஆம் பக்கத்தில் வருகிறது, மேஜைக்கு ஐந்து பக்கம் தள்ளி.

பெயரும் வருடமும் எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். இருவர் மட்டும் வேண்டாம் என்றார்கள், அவர்கள் சொன்னதைப் பெயரில்லாமல் போடுகிறேன். எழுத்து அளவு ஒன்றேதான். நாலு பக்கம் போதாது, ஏழாகிறது. அதற்காக மூன்று பரப்புப் படம் வெளியே போகிறது. பதினாறு.

பழைய மெஷின்மேன்

நல்லது தம்பி. அந்தக் கல்லப் படிக்கட்டுல இருந்து தூக்கி உள்ள வைக்கச் சொல்லுங்க, ஜெர்மனியில பவேரியாவுல இருந்து வந்த கல்லு அது, இனிமே லேசுல கெடைக்காது.

எப்ப அச்சுக்குக் குடுக்கப் போறீங்க? ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிய வந்துருச்சுன்னா அதுக்கப்புறம் மார்கழி வரைக்கும் எந்த மெஷினும் ஒழியாது. அவசரத்துல ஓட்டுனா மஞ்சள் கூடும், கறுப்பு அடைக்கும், யாரும் நின்னு பாக்கமாட்டாங்க. தை பொறந்து வாங்க. மெஷின் சும்மா நிக்கும், ஆளுக்கும் நேரம் இருக்கும். ஆறு பாரத்துக்கும் முதல் தாள் ஓடும்போது நான் வந்து கலர் பாத்துத் தாரேன்.

மைத்துளி

தை என்றே வைத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. முதலில் 40-41 இருக்கும் பாரத்தை ஓட்டலாம். அந்த அக்காவையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.